எத்தனை விநாடி மௌனம் தாங்கும்? பகிர்வுக் கிளஸ்டருக்கு நெட்வொர்க் திட்டமிடும் முறை

மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் பகிர்வுக் கோப்பு முறைமை ஒன்றை, அதாவது பல சர்வர்கள் சேர்ந்து ஒரே டிஸ்க்கைப் பயன்படுத்தும் கிளஸ்டர் ஒன்றை, நிறுவ என்னைக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை டெராபைட், எத்தனை ஜிகாபிட் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது வேறு. ஒரு சர்வர் எத்தனை விநாடி பேசாமல் இருந்தால் மற்ற சர்வர்கள் அதைச் செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்? இதற்கு விடை கையில் இல்லாமல் ஒரு மீட்டர் கேபிள்கூட இழுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இருக்கிறது. சாதாரண ஃபைல் சர்வரில் நெட்வொர்க் பத்து விநாடி போனால் பயன்படுத்துகிறவர்கள் பத்து விநாடி காத்திருப்பார்கள். திரும்பி வந்ததும் வேலை தொடரும். ஜி.எஃப்.எஸ். 2, ஓ.சி.எஃப்.எஸ். 2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமைகளின் சங்கதி அப்படியல்ல. அங்கே ஒரே டிஸ்க்கை மூன்று நான்கு சர்வர்கள் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்து, அதாவது தம் டிஸ்க்காகவே இணைத்துக்கொண்டு, நேரடியாக எழுதுகின்றன. இந்தக் கோப்பை இப்போது நான் எழுதுகிறேன், நீ தொடாதே என்று ஒன்றுக்கொன்று பூட்டுச் செய்தி அனுப்பிக்கொள்வதால்தான் தரவு சிதையாமல் இருக்கிறது. ஒரு நோடு, அதாவது கிளஸ்டரிலுள்ள ஒரு சர்வர், திடீரென மௌனமானால் அது செத்துவிட்டதா, கேபிள் போய்விட்டதா, இன்னமும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறதா என்று மற்றவற்றுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, அந்த நோடின் மின்சாரத்தைத் துண்டித்து, அதன் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டை) படித்துச் சரிசெய்த பிறகுதான் மேலே நகரும். ஜி.எஃப்.எஸ். 2-இல் இதற்குப் பெயர் ஃபென்சிங். ஓ.சி.எஃப்.எஸ். 2-இல் தொடர்பு இழந்த நோடு தன்னைத் தானே ரீபூட் செய்துகொள்ளும். ஆக, நெட்வொர்க்கில் வந்த சில விநாடித் தடங்கல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரைப் படுக்க வைத்துவிடும்.

கே.கே. நகர்ப் பகுதியில் ஒரு மருத்துவமனையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மூன்று சர்வர்கள், ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, ஸ்கேன் படங்கள். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சர்வர் படுத்தால் காத்திருப்பவர் நோயாளி. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

முதல் வேலை: விநாடிக் கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து மேலாக, ஒவ்வோர் அடுக்கும் பழுதை உணர்ந்து மாற்றுப் பாதைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எழுதுங்கள். கீழ் அடுக்கு முந்த வேண்டும். மேல் அடுக்கு அதற்குப் பிறகே பொறுமை இழக்க வேண்டும். இந்த வரிசை எங்கே தலைகீழாகிறதோ அங்கேதான் நள்ளிரவில் போன் வரும்.

ஓ.சி.எஃப்.எஸ். 2-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் நோடுகள் இரண்டு விநாடிக்கு ஒரு முறை டிஸ்க்கில் தம் உயிர்க்குறியை எழுதும். ஹார்ட்பீட் வரம்பு, அதாவது இந்த உயிர்க்குறிக்கான எண்ணிக்கை வரம்பு, இயல்பாக 31. அதில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் 60 விநாடி. அந்த 60 விநாடிக்குள் எழுத முடியாத நோடு தன்னையே ரீபூட் செய்துகொள்ளும். நெட்வொர்க் பக்கத்தில் 30 விநாடி சத்தமில்லை என்றால் இணைப்பு போனதாகக் கணக்கு.

இப்போது அதே டிஸ்க், நெட்வொர்க் கேபிள் வழியே டிஸ்க்கை இணைக்கும் ஐ-ஸ்கஸி முறையில் வருகிறது என்று வையுங்கள். லினக்ஸில் ஐ-ஸ்கஸி இணைப்பு அறுந்தால், அது திரும்பும் என்று நம்பிக் காத்திருக்கும் இயல்பான நேரம் 120 விநாடி. நீங்கள் அழகாக இரண்டு பாதை போட்டு, ஒன்று போனால் மற்றதற்கு மாற்றும் மல்டிபாத் வைத்திருப்பீர்கள். முதல் பாதை அறுந்ததும், இரண்டாவது பாதை சும்மா இருக்கும்போதே, முதல் பாதையில் மாட்டிய உயிர்க்குறி 120 விநாடி தொங்கும். 60-ஆவது விநாடியில் நோடு ரீபூட் ஆகிவிடும். மாற்றுப் பாதைக்குச் செலவழித்த பணம் அத்தனையும் வீண். மல்டிபாத் இருக்கும் இடத்தில் அந்த 120-ஐ 5 ஆகக் குறையுங்கள். ஐ-ஸ்கஸி தன் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று 5 விநாடிக்கு ஒரு முறை கேட்டு, பதிலுக்கு 5 விநாடி காத்திருக்கும். அதையும் கூட்டினால் ஏறத்தாழ 15 விநாடி. 60-க்குள் தாராளமாக அடங்குகிறது.

எந்த நோடு உயிரோடிருக்கிறது என்று கவனிக்கும் கோரோசிங்க் மென்பொருள் ஓடும் ஜி.எஃப்.எஸ். 2 கிளஸ்டரில் பொறுமை இன்னும் குறைவு. பழைய 2-ஆம் பதிப்பில் டோக்கன் காத்திருப்பு (நோடுகள் தமக்குள் சுற்றவிடும் செய்தி வராவிட்டால் பொறுக்கும் நேரம்) இயல்பாக 1 விநாடிதான், 3.1 முதல் 3 விநாடி. இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நோடுக்கும் 650 மில்லி விநாடி கூடும். மூன்று நோடு என்றால் 3.65 விநாடி. இந்த எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். உங்கள் சுவிட்சில் நடக்கும் எந்த மாற்றமும் இதற்குள் முடிந்தாக வேண்டும்.

இந்த எண்ணை 30, 40 என்று ஏற்றிவிட்டால் தொல்லை தீருமே என்று பலர் கேட்கிறார்கள். உண்மையிலேயே ஒரு நோடு செத்தால் மற்றவை அத்தனை நேரம் உறைந்து நிற்கும். ஸ்கேன் திரையும் அத்தனை நேரம் நிற்கும். நெட்வொர்க்கை முதலில் சரிசெய்யுங்கள். பிறகும் தேவைப்பட்டால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

இரண்டு பாதை எங்கே ஒன்றாகிறது?

வைகையில் தண்ணீர் வந்தால் யானைக்கல் தரைப்பாலத்தை மூடிவிடுவார்கள், ஏ.வி. பாலத்தில் போய்க்கொள்ளலாம். ஆனால் கோரிப்பாளையம் சந்திப்பே நெரிசலில் கட்டிக்கொண்டால் ஆற்றின் குறுக்கே எத்தனை பாலம் இருந்தும் பயனில்லை. இரண்டு கேபிள் போட்டுவிட்டோம் என்று சொல்கிறவர்களிடம் நான் தேடுவது அந்தச் சந்திப்பைத்தான்.

சர்வரின் பின்புறம் போய் நின்று பாருங்கள். இரண்டு கேபிளும் ஒரே கார்டின் இரண்டு போர்ட்டிலிருந்து வருகின்றனவா? கார்டு போனால் இரண்டும் போகும். மதர்போர்டிலுள்ள போர்ட் ஒன்றையும் தனியாகச் செருகிய கார்டில் ஒன்றையும் எடுங்கள். இரண்டும் ஒரே சுவிட்சுக்குப் போகின்றனவா? இரண்டு சுவிட்சும் ஒரே யு.பி.எஸ்.ஸில், அதிலும் ஒரே பவர் ஸ்டிரிப்பில் மாட்டியிருக்கின்றனவா? இரண்டு கேபிளும் ஒரே குழாய்க்குள் ஒரே துளை வழியாகச் சுவரைத் தாண்டுகின்றனவா? எலி கடித்தால் இரண்டையும் சேர்த்தே கடிக்கும்.

சேர்த்து அடுக்கிய சுவிட்ச், அதாவது ஸ்டாக், இரண்டாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒரே மூளை. ஃபர்ம்வேர் மாற்றும்போது இரண்டும் சேர்ந்து ரீபூட் ஆகிற வகைகள் உண்டு. நம் ஊர் அளவு வேலைகளுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு தனி சுவிட்ச்களையே நான் விரும்புகிறேன்.

பாண்டிங்

இரண்டு நெட்வொர்க் போர்ட்டை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் பாண்டிங். தனித்தனி சுவிட்ச் என்றால் அதில் ஒன்று வேலை செய்ய மற்றது காத்திருக்கும் ஆக்டிவ்-பேக்கப் முறை, அதாவது 1-ஆம் மோடு, போதும். இரண்டு கேபிளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் எல்.ஏ.சி.பி. வேண்டுமென்றால் இரண்டு சுவிட்சும் ஒன்றைப்போல நடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எம்.எல்.ஏ.ஜி. வசதி தேவை. பூட்டுச் செய்திகள் சிறியவை. அவற்றுக்கு 1 ஜிகாபிட் தாராளம். வேகமான மறுமொழியும் அறுபடாத பாதையும்தான் வேண்டும்.

ஆக்டிவ்-பேக்கப்பில் பலர் மறப்பது சுவிட்ச்களுக்கு இடையிலான இணைப்பு. முதல் நோடு ஒன்றாம் சுவிட்ச் வழியாகவும் இரண்டாம் நோடு இரண்டாம் சுவிட்ச் வழியாகவும் பேசும் நிலை வரலாம். அப்போது அந்த நடு இணைப்பு இல்லையென்றால் எல்லா விளக்கும் பச்சையாக எரியும். நோடுகள் மட்டும் ஒன்றையொன்று காணாது. அதற்கு இரண்டு கேபிளைச் சேர்த்துப் போடுங்கள். எல்லா நோடுக்கும் ஒன்றாம் சுவிட்ச்சையே முதன்மையாக வையுங்கள். இயல்பான நாளில் பேச்சு முழுவதும் ஒரே சுவிட்சுக்குள் முடியும்.

இணைப்பு இருக்கிறதா என்று 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை பார்க்கும்படி வைப்பது வழக்கம். அது பார்ப்பது கேபிளின் மறுமுனையில் மின்னிணைப்பு இருக்கிறதா என்பதை மட்டும். சுவிட்ச் உள்ளே உறைந்துபோய் விளக்கு மட்டும் எரிந்தால் அது ஏமாறும். அந்தப் பயம் இருக்கிற இடத்தில், வேறொரு முகவரியைக் கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் ஏ.ஆர்.பி. கண்காணிப்புக்கு மாறுங்கள், இலக்கு முகவரியாக ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள். அந்த ஒன்று படுத்தால் எல்லா நோடும் சேர்ந்து தடுமாறும்.

அடுத்தது திரும்பி வரும் நேரம். ஒன்றாம் சுவிட்ச் ரீபூட் ஆகிறது. எல்லா நோடும் இரண்டாவதுக்கு ஒழுங்காக மாறிவிட்டன. ஒன்றாவது உயிர் பெறுகிறது. போர்ட் விளக்கு எரிகிறது. ஆனால் அது இன்னும் தரவைக் கடத்தத் தொடங்கவில்லை. பாண்டிங்குக்கு விளக்கு எரிந்தால் போதும். முதன்மைப் பாதை வந்துவிட்டது என்று உடனே தாவும். அங்கே படுகுழி. அறுந்தபோது பிழைத்த கிளஸ்டர், சரியானபோது விழும். இதைத் தடுக்க, இணைப்பு எழுந்த பிறகு ஒரு நிமிடமாவது காத்திருக்கும்படி அப்டிலே அமைப்பை வையுங்கள். அல்லது இப்போதைய பாதை பழுதானால் மட்டுமே முதன்மைக்குத் திரும்பு என்று சொல்லிவையுங்கள். நான் இரண்டாவதைத்தான் வைக்கிறேன்.

கோரோசிங்க் 3-இல் குரோனோஸ்நெட் வந்துவிட்டதே, எட்டு இணைப்புவரை அதுவே பார்த்துக்கொள்ளுமே, பாண்டிங் எதற்கு என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கோரோசிங்க் தன் பேச்சைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பூட்டுகளைக் கையாளும் டி.எல்.எம். வழக்கமான டி.சி.பி. முறையில் ஒரு நோடுக்கு ஒரே முகவரியைத்தான் ஏற்கும். பல முகவரி வேண்டுமென்றால் எஸ்.சி.டி.பி. முறைக்குப் போக வேண்டும். அடியில் பாண்டிங், மேலே ஒரே முகவரி என்பது சிக்கலில்லாத வழி. ஓ.சி.எஃப்.எஸ். 2-க்கும் ஒரு நோடுக்கு ஒரு முகவரிதான்.

சுவிட்சுக்குள்ளே

நெட்வொர்க்கில் சுழற்சி உண்டாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை அணைக்காதீர்கள். ஆனால் சர்வர் மாட்டிய போர்ட்டை எட்ஜ் போர்ட் (காத்திருக்காமல் உடனே தரவை விடும் போர்ட்) என்று குறித்துவிடுங்கள். பழைய 802.1டி முறையில் ஒரு போர்ட் எழுந்தால் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, பிறகே தரவை விடும். 30 விநாடி எங்கே, வட்டம் போட்ட 3.65 எங்கே! சுவிட்ச்களுக்கு இடையே வேகமான 802.1டபிள்யூ முறை ஓடட்டும்.

பழைய கோரோசிங்க் மல்டிகாஸ்ட்டில், அதாவது ஒரு செய்தியைக் குழு முழுவதற்கும் அனுப்பும் முறையில், ஓடினால் இன்னொரு வினோதம் பார்ப்பீர்கள். எல்லாம் நன்றாகத் தொடங்கும். நாலரை நிமிடத்துக்குள் அறுந்துவிடும். சுவிட்சில், கேட்கிறவர்களுக்கு மட்டும் அதை அனுப்பும் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் இயங்குகிறது, ஆனால் யார் யார் கேட்கிறீர்கள் என்று விசாரிக்கும் குவெரியர் இல்லை என்று பொருள். குழு உறுப்புரிமை 260 விநாடியில் காலாவதியாகிறது. குவெரியரை இயக்குங்கள், அல்லது ஒவ்வொரு நோடுக்கும் தனியாக அனுப்பும் யூனிகாஸ்ட்டுக்கு மாறுங்கள்.

ஜம்போ ஃபிரேம், அதாவது வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய தரவுப் பொட்டலம், ஸ்டோரேஜ் பாதைக்கு மட்டும் போதும். 9000 என்று வைத்தால் வழியிலுள்ள ஒவ்வொரு போர்ட்டிலும் இருக்க வேண்டும். சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8972 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டும் சேர்ந்து 9000 ஆகும். சின்ன பிங் போய், இந்தப் பெரிய பிங் போகவில்லை என்றால் வழியில் எங்கோ 1500 இருக்கிறது.

கிளஸ்டர் பேச்சைப் பொது நெட்வொர்க்கில் கலக்காதீர்கள். அலுவலக மேசை ஒன்றின் கீழே ஒரு பேட்ச் கேபிள் தொங்கியது. கழன்றுவிட்டதே என்று நல்லெண்ணத்தில் ஓர் ஊழியர் அதன் நுனியைச் சுவரிலிருந்த இன்னொரு போர்ட்டில் செருகிவிட்டார். அதன் மறுநுனி ஏற்கெனவே சுவரில்தான் இருந்தது. அந்தத் தளத்தின் மலிவு சுவிட்சில் சுழற்சித் தடுப்பு இல்லை. சில நொடிகளில் கட்டடத்தின் நெட்வொர்க் முழுவதும் தரவு வெள்ளம். கிளஸ்டருக்கென்று தனியாக இரண்டு சிறு சுவிட்ச்கள் ரேக்கில் இருந்ததால் மூன்று நோடும் அசையவில்லை. ஒரே சுவிட்சில் விலான் (அமைப்பால் மட்டும் பிரிக்கும் தனி நெட்வொர்க்) மட்டும் பிரித்து வைப்பது இரண்டாந்தர வழிதான். சுவிட்சின் செயலி திணறினால் எல்லா விலானும் சேர்ந்தே திணறும்.

ஃபயர்வாலில் கோரோசிங்குக்கு யு.டி.பி. 5405, டி.எல்.எம்.முக்கு டி.சி.பி. 21064, ஐ-ஸ்கஸிக்கு 3260, ஓ.சி.எஃப்.எஸ். 2-க்கு வழக்கமாக 7777 திறந்திருக்கட்டும். முகவரிகளை, தானாக வழங்கும் டி.எச்.சி.பி.யிடம் கேட்காதீர்கள். நோடுகளின் பெயர்களை ஒவ்வொன்றின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் எழுதிவிடுங்கள்.

ஸ்டோரேஜ் பாதையில் பாண்டிங் வேண்டாம், மல்டிபாத்தான். இரண்டு கார்டு, இரண்டு சப்நெட், இரண்டு சுவிட்ச், ஸ்டோரேஜ் பெட்டியின் இரண்டு கன்ட்ரோலர்.

ஃபென்சிங் போகும் வழி

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் ஃபென்சிங் வெற்றி பெற்றதாகப் பதில் வரும்வரை ஜி.எஃப்.எஸ். 2 உறைந்தே நிற்கும். ஆகவே ஃபென்சிங் கட்டளை போகும் கேபிளும் கிளஸ்டரின் உயிர்நாடிதான்.

சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க உதவும் ஐ.பி.எம்.ஐ. நிர்வாக போர்ட் சில சர்வர்களில் சாதாரண நெட்வொர்க் போர்ட்டையே பகிர்ந்துகொள்ளும். அந்த அமைப்பை மாற்றித் தனி போர்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிளஸ்டர் சுவிட்ச் அல்லாத வேறு சுவிட்சில் மாட்டுங்கள். இல்லையென்றால் எந்த சுவிட்ச் போனதால் ஃபென்சிங் தேவைப்படுகிறதோ, அதே சுவிட்ச் வழியாகத்தான் கட்டளையும் போக வேண்டியிருக்கும்.

இன்னொரு பொறி: சர்வருக்கு மின்சாரமே போனால் ஐ.பி.எம்.ஐ.யும் சேர்ந்து போகும். பதில் சொல்ல ஆளில்லை. சர்வர் அணைந்துதான் கிடக்கிறது என்று மற்றவற்றுக்கு உறுதியாகத் தெரியாது. இரண்டாவது வழியாக, சொன்னபடி மின்சாரத்தைத் துண்டிக்கும் பி.டி.யு. என்ற பவர் பட்டை அல்லது ஸ்டோரேஜில் அந்த நோடை எழுதவிடாமல் தடுக்கும் ஸ்கஸி-3 முன்பதிவு முறை ஒன்றையாவது வையுங்கள்.

முடிந்தவரை மூன்று நோடாகத் தொடங்குங்கள். பெரும்பான்மை தெளிவாக இருக்கும். இரண்டுதான் முடியும் என்றால், ஒன்றையொன்று ஒரே நொடியில் சுட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரு பக்கத்துக்குச் சிறிது தாமதம் கொடுங்கள், அல்லது மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறு கணினியைக் கியூ-டிவைஸாக நிறுத்துங்கள்.

நம் ஊர் வெயிலும் இடியும் மின்தடையும்

மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகளின் பெயர் முந்தைய நாளே செய்தித்தாளில் வந்துவிடும். அந்தப் பட்டியலைப் பார்ப்பது உங்கள் வேலையின் பகுதி. ஒன்றாம் சுவிட்ச் ஒரு யு.பி.எஸ்.ஸிலும் இரண்டாம் சுவிட்ச் மற்றொன்றிலும் இருக்கட்டும். சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளும் அப்படியே. ஜெனரேட்டர் எடுக்கும்வரை யு.பி.எஸ். சர்வரைத் தாங்கும், ஏ.சி.யைத் தாங்காது. சித்திரை வெயிலில் மூடிய அறை எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏ.சி.யும் ஜெனரேட்டரில் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இடத்தில் செம்புக் கேபிள் வேண்டவே வேண்டாம். கோடை இடியும் ஐப்பசி இடியும் அதன் வழியாக உள்ளே வரும். இரண்டு கட்டடத்து எர்த்திங்கும் ஒரே அளவில் இருக்காது. ஃபைபர் போடுங்கள். ஓ.எம். 3 வகையில் 10 ஜிகாபிட் 300 மீட்டர்வரை போகும். அறைக்குள் 10 ஜிகாபிட் செம்பு என்றால் கேட் 6 கேபிளுக்கு 55 மீட்டர்தான் கணக்கு. கேட் 6ஏ 100 மீட்டர்.

கீழமாசி வீதி போன்ற இடங்களில் கடை ஒரு பக்கம், கிட்டங்கி எதிர்ப்பக்கம் என்று இருப்பவர்கள் வீதியின் குறுக்கே கேபிளைத் தொங்கவிடுகிறார்கள். தேரோட்டத்துக்கு முன் தேர் வரும் வீதிகளில் குறுக்கே தொங்குவதை அகற்றிவிடுவார்கள். எந்த நோடையும் அப்படி எதிர்ப்பக்கத்தில் வைக்காதீர்கள். எல்லா நோடும் ஒரே கூரையின் கீழ். அண்ணா நகரில் இரண்டு, கப்பலூரில் ஒன்று என்று லீஸ் லைன் போட்டுக் கிளஸ்டரை நீட்டவும் கேட்கிறார்கள். தூரம் பெரிதல்ல, ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரை 5 மைக்ரோ விநாடியில் கடக்கிறது. இடையில் யார் எங்கே எதற்காகப் பள்ளம் தோண்டுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அந்தத் தேவைக்குத் தரவைப் பிரதியெடுத்து அனுப்புங்கள், பூட்டைப் பகிராதீர்கள்.

பிடுங்கிப் பார்த்தல்

நோயாளிகளின் தரவை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முழு நாளை இதற்கென்று கேட்டு வாங்குங்கள். இண்டர்ஃபேஸைக் கட்டளையால் இறக்கிவிட்டு, சோதித்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். பழைய கோரோசிங்க் அப்படி இறக்கினால் முகவரியை இழந்து, தன்னோடு தானே பேசும் லூப்பேக் முகவரிக்குத் தாவிக் குழம்பும். உண்மையான பழுது அப்படி இருக்காது. கையால் கேபிளைப் பிடுங்குங்கள்.

ஒரு நோடில் பெரிய கோப்பை எழுதவிட்டு, மற்றொன்றில் அதே கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் ஒரு கேபிள். பிறகு ஒன்றாம் சுவிட்சின் பவரைப் பிடுங்கி, எழுத்து எத்தனை விநாடி நின்றது என்று கடிகாரத்தில் பாருங்கள். அதைத் திரும்ப மாட்டி, முழுதாக எழும்வரை அங்கேயே நில்லுங்கள். நான் மேலே சொன்ன படுகுழி அப்போதுதான் தெரியும். பிறகு ஒரு ஐ-ஸ்கஸி பாதை. கடைசியாக ஒரு நோடின் இரண்டு கிளஸ்டர் கேபிளையும் ஒருசேரப் பிடுங்குங்கள்: அது மட்டும் விழ வேண்டும், மற்ற இரண்டும் தொடர வேண்டும். சுவரிலுள்ள பவரையே அணைத்து, ஃபென்சிங்கின் இரண்டாவது வழி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

பிடுங்கிய கேபிளைத் திரும்ப மாட்டும்போது ஆர்.ஜே. 45 பிளக்கின் நாக்கை விரலால் தொட்டுப் பாருங்கள். டிக் என்று பிடிக்க வேண்டும். நாக்கு உடைந்த பிளக் உள்ளே உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். போர்ட் விளக்கும் எரியும். ஏ.சி. காற்று பட்டோ, யாராவது ரேக் கதவைச் சாத்தியோ அது கால் மில்லிமீட்டர் நகரும்போது விளக்கு ஒரு நொடி ஆரஞ்சாகி மீண்டும் பச்சையாகும். ஒரேயடியாக அறுந்த கேபிளைக் கண்டுபிடிப்பது எளிது. இப்படித் துடிக்கும் கேபிள்தான் கிளஸ்டரைப் பாடாய்ப் படுத்தும். அத்தகைய கேபிளைச் சரிசெய்து பார்க்காதீர்கள். வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். சுவிட்சில் அந்தப் போர்ட்டின் சி.ஆர்.சி. பிழை (சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, மறுநாள் வந்து பாருங்கள். ஒன்றுகூட ஏறியிருக்கக் கூடாது.

முடிவுகளை, எந்தக் கேபிளைப் பிடுங்கினால் எத்தனை விநாடி நின்றது என்பதை, விநாடிக் கணக்கு எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி, லேமினேட் செய்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கேபிளின் இரு முனையிலும் எந்த நோடு, எந்த போர்ட், எந்த சுவிட்ச் என்று லேபிள் இருக்கட்டும். சுவிட்ச் ஃபர்ம்வேர் மாறினாலோ, சர்வரில் கெர்னல் மாறினாலோ, புதிதாக ஒரு கார்டு செருகினாலோ, பிடுங்கும் சோதனையை முதலிலிருந்து செய்து அந்தத் தாளைப் புதிதாக எழுத வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதற்கான நேரத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.